எழுதி வைத்த ஜாஸ்: இசை கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவில் நிக்கோலாய் கபூஸ்தின் என்ற பியானோ இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றியவை. பியானோ சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிரியமான மனிதர் அவர். அதனால் இந்த இதழ்ப் பக்கத்தை முழுவதும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

என் மகள் எட்டாவது கிரேடு பியானோ முடித்திருக்கிறாள். யூடியூபில் கபூஸ்தினின் எட்யூட் (விரல் பயிற்சிக்காக எழுதும் உருப்படி) ஒன்றைக் கேட்டதிலிருந்து அதையே வாசிக்கணும் என்கிறாள். என் காதுக்கு அது சுத்தமான ஜாஸாகத்தான் கேட்கிறது. ஆனால் முன்னால் அச்சடித்த நோட்டு இருக்கிறதே! இது கிளாசிக்கலா, ஜாஸா?
(ஒரு தாய், கோவை)

உங்கள் காதும் சரி, கண்ணும் சரி. கேட்பதற்கு ஜாஸ். ஆனால் ஒவ்வொரு சுரமும் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வாசிப்பவர் தன் விருப்பத்துக்குச் சேர்க்கவோ விடவோ அதில் இடமில்லை.

கபூஸ்தின் 1937 நவம்பர் 22 அன்று, கிழக்கு உக்ரைனின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஹோர்லிவ்காவில் பிறந்தார். 2020 ஜூலை 2 அன்று மாஸ்கோவில் காலமானார். இடைப்பட்ட 82 வருடங்களில் 20 பியானோ சொனாட்டாக்கள், 6 பியானோ கான்செர்ட்டோக்கள் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பவை), 24 பிரெலூடுகள் (சின்ன உருப்படிகள்), அது போதாதென்று 24 பிரெலூடும் ஃபியூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திப் பிடிக்கும் வடிவம்), செல்லோவுக்கும் புல்லாங்குழலுக்கும் சாக்ஸஃபோனுக்கும் தனித்தனியாகப் படைப்புகள் என்று எழுதினார். அவருடைய ஓபஸ் எண்கள், அதாவது படைப்புகளின் வரிசை எண்கள், 161 வரை போகின்றன.

அந்தத் தலைப்புகளைப் பாருங்கள். சொனாட்டா, ஃபியூக், எட்யூட், கான்செர்ட்டோ. எல்லாம் பாக், பேத்தோவன், ஷோப்பன் கையாண்ட வடிவங்கள். 24 சுருதிகளுக்கும் ஒவ்வொரு பிரெலூட் எழுதுவது ஷோப்பன் செய்தது. கபூஸ்தினும் ஷோப்பனுடைய அதே வரிசையில் 1988இல் எழுதினார். உள்ளே போய்க் கேட்டால் ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் ஓட்டம், பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ நடையின் இடது கை, ப்ளூஸின் வளைவுகள் எல்லாம் இருக்கும். வீட்டின் கட்டுமானம் ஐரோப்பியக் கிளாசிக்கல், உள்ளே பேசப்படும் மொழி ஜாஸ். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கிளாசிக்கல் பக்கம் கை தூக்குவேன். ஏன் என்பதைக் கும்பகோணம் வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

ஒரு இடத்தில் இவரை ரஷ்ய இசையமைப்பாளர் என்று போட்டிருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் உக்ரைனியர் என்று. எது சரி?
(வாசகர், மதுரை)

பிறந்தது உக்ரைன், வாழ்ந்தது மாஸ்கோ. இரண்டும் நடந்தவை. ஆனால் இன்றைய நிலையில் அவரை வெறுமனே 'ரஷ்யர்' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஹோர்லிவ்கா என்கிற ஊரை அந்த வரி அழித்துவிடுகிறது.

அந்த ஊர் தோனெத்ஸ்க் பகுதியில் இருக்கிறது. கபூஸ்தினுக்கு நாலு வயது நிறைவதற்குள் ஜெர்மானியப் படை வந்துவிட்டது. அப்பா போருக்குப் போனார், திரும்பி வரவில்லை. அம்மாவும் பாட்டியும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிர்கிஸ்தானின் தோக்மக் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். ஹோர்லிவ்காவிலிருந்து ஜெர்மானியர்கள் விரட்டப்பட்ட பிறகுதான் குடும்பம் ஊர் திரும்பியது. பையன் பியானோ முன்னால் உட்கார்ந்தது அதற்கப்புறம், ஏழு வயதில். போரில் நொறுங்கிக் கிடந்த ஒரு சுரங்க ஊரில், அப்பா இல்லாத வீட்டில், ஒரு பிள்ளைக்குப் பியானோ சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த அம்மாவையும் பாட்டியையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் ஆசிரியர் அவருடைய அக்காவுக்கு வயலின் சொல்லித்தந்துகொண்டிருந்தவர். பிறகு லியுபோவ் ஃப்ரான்சுசோவா என்ற ஆசிரியை. அவர், குழந்தைகளுக்கான பியானோ உருப்படிகளால் பெயர் பெற்ற சாமுயில் மாய்க்காபாரிடம் படித்தவர். மாய்க்காபாரும் உக்ரைனின் கெர்சோனில் பிறந்தவர்தான். 13 வயதில் கபூஸ்தின் ஒரு முழு சொனாட்டா எழுதிவிட்டார். அப்போது அவர் ஜாஸைக் கேட்டதுகூட இல்லை. ஆக, ஹோர்லிவ்காவை விட்டுக் கிளம்பும்போதே அவர் ஓர் இசையமைப்பாளர்.

2014இலிருந்து அந்த ஊர் கீவ் அரசின் கையில் இல்லை. மறுபடியும் குண்டு, மறுபடியும் இடப்பெயர்வு. அதனால்தான் 'உக்ரைனில் பிறந்து மாஸ்கோவில் வாழ்ந்தவர்' என்று நீளமாகவே எழுதுங்கள் என்கிறேன்.

ஸ்டாலின் காலத்து சோவியத்தில் ஜாஸுக்குத் தடை என்று படித்திருக்கிறேன். பிறகு எப்படி இவர் கற்றுக்கொண்டார்?
(ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், சேலம்)

முழுத் தடை என்று சொல்ல முடியாது ஐயா. காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது. 1930களில் ஒதேசாக்காரரான லியோனித் உத்தியோசோவ் ஜாஸ் குழு வைத்து நாடு முழுவதும் புகழோடு இருந்தார். உலகப்போர் முடிந்து பனிப்போர் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. ஜாஸ் என்றால் அமெரிக்கா, அமெரிக்கா என்றால் எதிரி. சாக்ஸஃபோன்களைப் பிடுங்கி வைத்த காலமும் உண்டு. 'இன்றைக்கு ஜாஸ் வாசிக்கிறான், நாளைக்குத் தாய்நாட்டை விற்பான்' என்று ரஷ்ய மொழியில் எதுகையோடு ஒரு வசனமே புழங்கியது. மேற்கத்திய இசையை, ஆஸ்பத்திரிகள் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே தகடுகளில் பதிந்து திருட்டுத்தனமாக விற்றார்கள். விலா எலும்பின் நிழல் தெரியும் தகடு சுழல, அதிலிருந்து பாட்டு வரும்.

கபூஸ்தின் மாஸ்கோ வந்தபோது அவருக்கு வயது 14. ஸ்டாலின் அப்போது உயிரோடு இருந்தார். அவ்ரேலியன் ருபாக் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். ருபாக், ஃபெலிக்ஸ் புளூமென்ஃபெல்டின் மாணவர். அதே புளூமென்ஃபெல்டிடம்தான் பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் கீவில் படித்தார். ஹோரோவிட்ஸ் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த வம்சாவளியின் அருமை புரியும். விரல் நுனியில் மின்சாரம் வைத்திருந்த பரம்பரை அது.

ஜாஸ் வந்த வழி வானொலி. பின்னாளில் சினிமா இயக்குநராகப் புகழ்பெற்ற அந்திரேய் கொஞ்சலோவ்ஸ்கி அப்போது கபூஸ்தினின் நண்பர். அவர் வீட்டில்தான் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' கேட்டார்கள். 1955 தொடக்கத்திலிருந்து வில்லிஸ் கானோவர் என்ற அறிவிப்பாளர் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, கனத்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ரஷ்ய மொழிச் செய்திகளை இரைச்சல் போட்டு மறைத்த சோவியத் அரசு, ஆங்கில இசை நிகழ்ச்சியைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. சிற்றலை வானொலி கேட்ட அனுபவம் உங்கள் தலைமுறைக்கு உண்டு. ஒலி ஏறும், தேயும், பக்கத்து நிலையம் குறுக்கே வரும். அந்த ஓசைக்குள்ளிருந்து ஜாஸ் பியானோ மேதைகளான ஆர்ட் டேட்டமையும் பீட்டர்சனையும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் அந்தப் பிள்ளைகள்.

ஸ்டாலின் 1953இல் இறந்தார். 1957இல் மாஸ்கோவில் உலக இளைஞர் விழா நடந்தது, வெளிநாட்டு ஜாஸ் குழுக்களும் வந்தன. அந்த விழாவில் கபூஸ்தின் தன்னுடைய ஓபஸ் 1, பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான கான்செர்ட்டினோவை வாசித்தார். வயது 19. பகலில் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் அலெக்சாண்டர் கோல்டன்வைசரிடம் பாடம். கோல்டன்வைசர் டால்ஸ்டாயோடு சதுரங்கம் ஆடியவர், இசையமைப்பாளர் ராக்மனினோவின் நண்பர். பழைய கதைகள் அவரிடம் ஏராளம், பாடம் என்று தனக்குக் கிடைத்தது குறைவு, உண்மையான குரு ருபாக்தான் என்று கபூஸ்தின் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு பெரிய வித்வான் ஏன் மேடையில் பெரிதாக வாசிக்கவில்லை? தயங்கினாரா, தடுத்தார்களா?
(வாசகி, பெங்களூரு)

மேடையில் வாசித்தாரே! 1961இல் கன்சர்வேட்டரியை முடித்ததும் ஒலேக் லுண்ட்ஸ்ட்ரெம் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் பியானோ கலைஞராகச் சேர்ந்து 11 வருடம் நாடெங்கும் சுற்றினார். அந்த ஆர்கெஸ்ட்ராவின் கதையே தனி. சீனாவின் ஹார்பினில் வாழ்ந்த ரஷ்யக் குடும்பத்து இளைஞர்கள் 1934இல் தொடங்கி, ஷாங்காயில் பெயர் வாங்கி, 1947இல் சோவியத்துக்குத் திரும்பிக் கசானில் தங்கி, 1956இல் மாஸ்கோவில் நிலைகொண்ட குழு. அந்தக் குழுவோடு கபூஸ்தின் 1964இல் எழுதிய டோக்காட்டா என்ற வேக உருப்படியை வாசிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. அவசியம் பாருங்கள். டிரம்பெட்டுகள் பின்னால் வெட்டி வெட்டிப் பேச, பியானோ ஒரு இடத்திலும் மூச்சு வாங்குவதில்லை.

அந்த வருடங்களை நான் அவருடைய பட்டறை என்றே நினைக்கிறேன். பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது என்ன நிறம் வரும், டிரம்ஸ் எந்த இடத்தில் அடித்தால் குழு துள்ளும் என்பதை நடுவில் உட்கார்ந்து தினமும் கேட்டவர். பின்னால் தனிப் பியானோவுக்கு எழுதியபோது அந்தக் குழு முழுவதையும் பத்து விரலுக்குள் கொண்டுவந்தார்.

1972க்குப் பிறகு ஒரு தொலைக்காட்சி ஆர்கெஸ்ட்ரா, 1977இலிருந்து சினிமாவுக்கான அரசு ஆர்கெஸ்ட்ரா. படங்களுக்குப் பின்னணி வாசிக்கும் வேலை. 1980இல் மாஸ்கோவின் சாய்காவ்ஸ்கி அரங்கில் தன்னுடைய இரண்டாவது கான்செர்ட்டோவை லுண்ட்ஸ்ட்ரெம் குழுவோடு வாசித்தார். அதற்குப் பிறகு பொது மேடையை ஏறத்தாழ விட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை. அவருக்கு எழுதத்தான் ஆசை, கச்சேரி வாழ்க்கையில் ஆசையில்லை.

1984இல் சினிமா ஆர்கெஸ்ட்ரா வேலையையும் விட்டார். அந்த ஒரு வருடத்தில் அவர் எழுதி முடித்தவை: முதல் சொனாட்டா, எட்டு கான்செர்ட் எட்யூடுகள், வேரியேஷன்ஸ் (ஒரே மெட்டின் மாறுபாடுகள்). ஓபஸ் 39, 40, 41. இன்றைக்கு உலகமெங்கும் இளம் பியானோ கலைஞர்கள் போட்டிகளில் வாசிப்பது பெரும்பாலும் இந்த மூன்று எண்களுக்குள்தான் இருக்கும். சம்பள வேலை பார்த்துக்கொண்டே இத்தனையையும் மனசுக்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நான் கடம் வாசிப்பவன். ஜாஸ் என்றால் மனோதர்மம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு அதை ஜாஸ் என்றால் எப்படி? அது நடிப்பு இல்லையா?
(வாசகர், கும்பகோணம்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. கபூஸ்தினே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் ஜாஸ் கலைஞன் இல்லை, இம்ப்ரொவைசேஷனில், அதாவது மனோதர்மத்தில், எனக்கு ஆர்வமில்லை, அது இல்லாமல் ஜாஸ் கலைஞன் ஏது என்று அவரே கேட்டார். என்னுடைய இம்ப்ரொவைசேஷன்கள் எழுதப்பட்டவை, எழுதியதால் அவை இன்னும் மேம்பட்டன என்றும் சொன்னார்.

உங்களுக்கு ஓர் உதாரணம் போதும்: சிட்டைஸ்வரம். கல்பனாஸ்வரம் மேடையில் அந்த நேரத்தில் பிறப்பது. சிட்டைஸ்வரம் முன்பே அமைத்து வைத்தது, நாம் பாடம் பண்ணிப் பாடுவது. நல்ல சிட்டைஸ்வரத்தைக் கேட்கும்போது, அந்த நொடியில் தோன்றியது போல அது துள்ளுகிறது இல்லையா? முன்கூட்டியே அமைத்தது என்பதற்காக யாராவது அதைப் பொய் என்று சொல்வோமா? கபூஸ்தினின் இசை முழுவதும் அந்த வகை.

எழுதுவதால் கிடைக்கும் லாபம் என்ன என்பதை அவருடைய வேரியேஷன்ஸில் கேட்கலாம். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' பாலே தொடக்கத்தில் பஸூன் தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். அதை நினைவூட்டும் மெட்டைக் கபூஸ்தின் எடுத்துக்கொள்கிறார். முதலில் அதைச் சாவகாசமாக ஸ்விங் என்ற ஜாஸின் துள்ளல் நடையில் நடக்க விடுகிறார். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருகல். நடுவில் நிதானமாக ஒரு பகுதி, ராத்திரி நேரத்து பாலட் போல. கடைசியில் இரண்டு கையும் தலைதெறிக்க ஓடுகின்றன. மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிப்பவர் இவ்வளவு தூரம் முன்னே பார்த்து வைக்க முடியாது. உள்குரல் ஒன்று நடுவிரல்களில் ஒளிந்திருக்கும், அதை நாலு பார் (தாளச் சுற்று) கழித்து மேல்குரல் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் மேஜையில் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, வருகிற விஷயம்.

தனிப் பியானோ என்பதால் கூட பாஸ் வாத்தியம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. இடது கையே இரண்டு வேலையும் பார்க்கிறது. தாளக்காரரான நீங்கள் முதல் எட்யூடைக் கேட்டால் இடது கை அழுத்தங்கள் எங்கெங்கே விழுகின்றன என்று கை போட்டுப் பாருங்கள். ஓட்டத்துக்கு நேராக விழுவதைவிட முன்னால் தள்ளி விழுவது அதிகம்.

எனக்கு ஜாஸ் மேடையில் அன்றன்றைக்குப் பிறக்கும் இசையும் வேண்டும், இதுவும் வேண்டும். ஆனால் எழுதியது என்பதற்காக இதை இரண்டாம் தரமாகப் பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கபூஸ்தினின் குடும்பத்தில் வேறு யாராவது இசைக்கலைஞர் உண்டா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

மகன் ஆன்டன் கபூஸ்தின் இயற்பியல் பக்கம் போனார். அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியர். இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக்காகக் கணித உலகிலும் பெயர் பெற்றவர்.

முதன்முதலாகக் கேட்பவன் எங்கிருந்து தொடங்கலாம்?
(கல்லூரி மாணவர், திருச்சி)

முதலில் கபூஸ்தின் தானே வாசித்த பதிவுகள், தம்பி. மேடையை விட்டாரே தவிர, பதிவு செய்வதை விடவில்லை. சோவியத் இசைத்தட்டு நிறுவனமான மெலோதியாவில் பதிந்தவையும், பிறகு ஜப்பானில் வட்டுகளாக வெளிவந்தவையும் இருக்கின்றன. அலங்காரம் இல்லாத வாசிப்பு. பெடல் குறைவு, வேகம் அதிகம், தாளம் கல் மாதிரி நிற்கும்.

வெளி உலகம் அவரைக் கண்டுகொண்டது தாமதமாகத்தான். மாஸ்கோவின் பியானோ கலைஞர் நிக்கோலாய் பெத்ரோவ் முன்பே அவருடைய இரண்டாவது சொனாட்டாவை மேடைக்கு எடுத்துச் சென்றார். 2000இல் ஸ்காட்லாந்தின் ஸ்டீவன் ஆஸ்போர்னும், 2004இல் கனடாவின் மார்க்-ஆந்த்ரே ஹாமலினும் ஹைப்பீரியன் நிறுவனத்துக்காகப் பதிந்த வட்டுகள் வந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஹாமலினிடம் எட்யூடுகளையும் வேரியேஷன்ஸையும் கேளுங்கள், ஆஸ்போர்னிடம் சொனாட்டாக்களை. கொரியாவின் சோன் யோல்-யும் வாசிப்பில் ஒரு மிடுக்கு உண்டு, எனக்குப் பிடிக்கும். கான்செர்ட்டோக்களுக்கு ஜெர்மனியின் ஃப்ராங்க் டூப்ரே.

பியானோ மட்டும் கேட்டுக் களைத்தால் புல்லாங்குழல், செல்லோ, பியானோவுக்கான ட்ரியோ, ஓபஸ் 86. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட்டாலும் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

என் மாணவர்களுக்குக் கபூஸ்தின் கொடுக்கலாமா? எட்டாவது கிரேடு போதுமா?
(பியானோ ஆசிரியை, சென்னை)

எட்யூடுகளுக்குப் போதாது அம்மா. கோவை மகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாவது எட்யூடான டோக்காட்டினாவில் ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போக வேண்டும். ஏழாவதான இன்டர்மெட்ஸோ கேட்பதற்குச் சொகுசாக இருக்கும், ஆனால் வலது கை பெரும்பாலும் இரட்டைச் சுரங்களில் ஓடுகிறது. ஷோப்பன் எட்யூடுகளில் இரண்டு மூன்றாவது கையில் நின்ற பிறகு இங்கே வரட்டும். அவசரப்பட்டால் மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

அதற்கு முன் வாசிக்க, 2000இல் எழுதிய சொனாட்டினா, ஓபஸ் 100 இருக்கிறது. அளவில் சின்னது, அவருடைய நடை முழுவதும் அதில் உண்டு. 24 பிரெலூடுகளில் மெதுவானவையும் நல்லது.

பழகும் முறை பற்றி ஒன்று. கிளாசிக்கல் பிள்ளைகள் இவர் எழுதியதைப் பார்த்ததும் ஷோப்பன் போல வேகத்தை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கத் தொடங்குவார்கள். அதை உடனே நிறுத்துங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை, நாலு தட்டில் ஒன்று, மூன்றில் அடிக்க விடாமல் இரண்டு, நாலில் அடிக்க விட்டு, பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் பிள்ளை தடுமாறும், எரிச்சல்கூடப் படும். விடாதீர்கள். இடது கையைத் தனியாக மனப்பாடம் ஆகும்வரை வாசிக்கட்டும். அழுத்தக் குறி போட்ட சுரங்களுக்கு மட்டும் கை எடையைக் கொடுத்து, மற்றவற்றை லேசாகத் தொட்டால் போதும். எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தோடு அடித்தால் அந்தத் துள்ளல் வரவே வராது.

பெடலைக் கடைசியில் சேருங்கள். கோவை அம்மா, மகளை இந்த வாரமே சொனாட்டினாவில் தொடங்கச் சொல்லுங்கள்.